சிசிலியின் கண்டெடுத்த குழந்தைகளும் புலம்பெயர்ந்தோரின் குடிவழித் தேடலும்

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிசிலித் தீவிலிருந்து அமெரிக்கா, அர்ஜென்டினா, துனிசியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களில், பெற்றோர் யாரென்று பதிவேட்டில் இல்லாதவர்களும் இருந்தனர். பிறந்த சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டு, ஊராரால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள். இத்தகைய குழந்தைகளை இத்தாலிய ஆவணங்கள் 'புரொயெத்தி' (எறியப்பட்டவர்கள்), 'எஸ்போஸ்தி' (வெளியே வைக்கப்பட்டவர்கள்), 'திரொவாதெல்லி' (கண்டெடுக்கப்பட்டவர்கள்) என்று பல பெயர்களில் குறிப்பிடுகின்றன. சிசிலிப் பதிவேடுகளில் முதற்சொல்லே மிகுதியாகக் காணப்படுகிறது.

இவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று குடிவழியைத் தேடும்போது ஒரு தலைமுறையோடு பாதை நின்றுவிடுகிறது. பிறப்புப் பதிவில் தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் உரிய இடத்தில் 'இக்னோத்தி', அதாவது 'அறியப்படாதவர்கள்' என்ற சொல்லே இருக்கும். பலர் அங்கேயே தேடலைக் கைவிடுகிறார்கள். அது அவசரமான முடிவு. தாயின் பெயரை எழுதாத அதே பதிவு, அவளுக்கு அருகில் இருந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறது. குழந்தையைக் கொண்டுவந்தவர், பெற்றுக்கொண்டவர், பாலூட்ட ஒப்புக்கொண்டவர், சாட்சியாக நின்றவர் என்று பலர் அதில் உண்டு. ஆகவே இத்தேடலில் நற்றாயை நேராகத் தேடுவதைவிட, மருத்துவச்சியையும் செவிலித்தாயையும் முதலில் தேடுவதே பயன் தரும்.

சுழல்பெட்டி

குழந்தையை விட்டுச்செல்லும் முறை மறைவானதாக இருந்தாலும், அதற்கான இடம் ஊரறிந்தது. மருத்துவமனை அல்லது கன்னியர் மடத்தின் சுவரில் உருளை வடிவ மரப்பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டு மணியடிப்பார். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இப்பெட்டிக்கு இத்தாலியில் 'ருவோத்தா' என்று பெயர். சக்கரம் என்பது பொருள்.

இத்தாலியின் கண்டெடுத்த குழந்தைகள் என்றவுடன் பலரும் நினைப்பது ஃபுளோரன்ஸ் நகரத்து இன்னொசென்தி இல்லத்தை. 1445இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய அந்த இல்லம் பெரிய நிறுவனம். அதன் பேரேடுகள் ஒழுங்கானவை. ஒரே கட்டடத்தில் கிடைப்பவை. சிசிலியின் உட்பகுதி ஊர்களில் நிலைமை வேறு. அங்கே சக்கரம் பெரும்பாலும் ஒரு சாதாரண வீட்டின் சுவரில் இருந்தது. அவ்வீட்டில் குடியிருந்த பெண் நகராட்சியிடம் ஊதியம் பெற்று இந்த வேலையைச் செய்தாள். ஆவணங்களில் அவள் 'ரிச்செவித்ரீச்சே' (பெற்றுக்கொள்பவள்) எனப்படுகிறாள். பல ஊர்களில் மருத்துவச்சியே இப்பணியையும் பார்த்தாள். இதனால் சிசிலிக் குழந்தையைப் பற்றிய தாள்கள் ஓர் இல்லத்தின் ஆவணக் காப்பகத்தில் இல்லாமல், நகராட்சியின் கணக்குகளிலும் பங்குக் கோவிலின் ஏடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

நேப்பிள்ஸ், ஃபுளோரன்ஸ் ஆகிய இரு நகரங்களின் சக்கரங்களும் 1875இல் மூடப்பட்டன. நாடு முழுவதும் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1923இல்தான்.

கைவிடப்பட்டதன் காரணங்கள்

மணமாகாத பெண் கருவுற்றால் குடும்பத்தின் மானம் போய்விடும் என்ற அச்சமே முதன்மைக் காரணம். அவள் பிள்ளையைத் தானே வளர்க்க விரும்பினாலும் சுற்றத்தாரும் பங்குத்தந்தையும் மருத்துவச்சியும் விடுவதில்லை. தந்தையைப் பொறுப்பாக்கவும் வழியில்லை. நெப்போலியன் காலச் சட்டத்தைப் பின்பற்றிய 1865ஆம் ஆண்டின் இத்தாலியக் குடிமைச் சட்டம், கடத்தல் அல்லது வன்புணர்வு நிகழ்ந்த சூழல் தவிர, குழந்தையின் தந்தை யாரென்று நீதிமன்றத்தில் நிறுவ முயல்வதையே தடைசெய்தது. பெண்ணின் பெயரை மறைத்தது மானத்தின் பேரால் என்றால், ஆணின் பெயரை மறைத்தது சட்டம். வறுமையால் கைவிடப்பட்ட, முறையாக மணந்தவர்களின் குழந்தைகளும் இவர்களிடையே இருந்தனர்.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. தேடுவோர் பலர் தவறவிடுவது இதைத்தான். புதிய சட்டம் 1866 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சி அதிகாரி முன் நடக்கும் திருமணம் மட்டுமே செல்லுபடியாகும் என்றானது. கோவில் திருமணத்துக்கு அரசின் கண்ணில் மதிப்பில்லை. 1929இல் திருத்தந்தையின் ஆட்சிபீடத்துக்கும் இத்தாலிய அரசுக்கும் இடையே இலாத்தரன் உடன்படிக்கை ஏற்படும் வரை இந்நிலை நீடித்தது. சிசிலியிலோ கோவிலில் குருவானவர் முன் மணமுடித்ததோடு பலர் நின்றுவிட்டனர். ஊரார் பார்வையில் அவர்கள் கணவன் மனைவி. அரசின் பதிவேட்டில் அவர்கள் மணமாகாதவர்கள்.

இத்தகைய இணையரின் பிள்ளை, 'பெயர் கூற விரும்பாத பெண்ணுக்குப் பிறந்தது' என்றோ, தந்தை மட்டும் பெயர் கொடுத்து 'மணமாகாத ஒரு பெண்ணுடன் தனக்குப் பிறந்தது' என்றோ பதிவாகும். சில வேளைகளில் இரு பெயர்களும் இராது. அதே குழந்தையின் திருமுழுக்கு ஏட்டைப் பங்குக் கோவிலில் புரட்டினால், தாய் தந்தை இருவர் பெயரும் 'முறையான இணையர்' என்ற குறிப்போடு இருக்கும். பிறந்த ஆண்டு 1866க்குப் பிற்பட்டதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கோவில் ஏடே. நூறாண்டு மர்மம் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிடக்கூடும்.

பிறப்புப் பதிவில் இருப்பவை

சிசிலியில் குடிமைப் பதிவு 1820இல் தொடங்கியது. கண்டெடுத்த குழந்தையைக் கொண்டுவருபவர், அதனுடன் இருந்த துணிகளையும் பொருள்களையும் ஒப்படைத்து, எங்கே எப்போது கிடைத்தது என்று சொல்ல வேண்டும் என்பது நெப்போலியன் சட்டத்தின் விதி. அதைப் பின்பற்றிய சட்டங்களும் இதையே கேட்டன. ஆகவே இத்தகைய குழந்தையின் பதிவு பல நேரங்களில் சாதாரணக் குழந்தையின் பதிவைவிட நீளமானது. இரவு எத்தனை மணி, எந்தத் தெருவில் உள்ள சக்கரம், குழந்தை ஆணா பெண்ணா, பிறந்து எத்தனை மணி நேரம் இருக்கும், உடலில் மச்சம் உண்டா, சுற்றியிருந்த துணி புதியதா கிழிந்ததா என்பன அதில் வரும். இறுதியில், அதிகாரி சூட்டிய பெயரும் குழந்தை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதும் இருக்கும்.

துணி பற்றிய வரியை ஊன்றிப் படிக்க வேண்டும். நல்ல துணியில் சுற்றிக் கழுத்தில் புனிதர் பதக்கம் கட்டிய குழந்தையை யாரோ பிரிய மனமின்றி வைத்துப் போயிருக்கிறார்கள். பாதியாக உடைத்த நாணயம், வண்ண நாடாத் துண்டு, பாதி கிழித்த புனிதர் படம் போன்றவை இத்தாலி முழுவதும் அடையாளமாக வைக்கப்பட்டன. மறுபாதி தாயிடம் இருக்கும். பின்னர் மீட்க வந்தால் இரு பாதிகளும் பொருந்த வேண்டும். மீட்க வந்தவர்கள் சிலரே.

இப்பதிவுகள் வழக்கமான பிறப்புகளுடன் கலந்திருப்பதில்லை. இரு சிசிலிகளின் அரசு காலத்தில் இவற்றைப் 'பல்வகைப் பதிவுகள்' என்ற தனி ஏட்டிலும், பின்னாளில் பிறப்பு ஏட்டின் இரண்டாம் பகுதியிலும் தேட வேண்டியிருக்கும். முதற்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு 'இந்த ஊரில் பிறக்கவில்லை' என்று முடிவு கட்டுவது பொதுவான பிழை.

பதிவின் ஓரக் குறிப்புகளும் முக்கியமானவை. பெற்றோரில் ஒருவர் பிற்காலத்தில் 'இது என் பிள்ளை' என்று ஏற்றுக்கொண்டாலோ, இருவரும் நகராட்சியில் மணந்து பிள்ளையை முறைப்படுத்தினாலோ அது ஓரத்தில் எழுதப்படும். எழுத மறந்த இடங்களும் உண்டு. எனவே குழந்தை பிறந்த அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் திருமணப் பதிவுகளைப் பார்ப்பது நல்லது. மணமக்கள் தங்கள் முந்தைய பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஏற்கும் பத்தி திருமணப் பதிவுக்குள்ளேயே இருக்கும். அதில் பிள்ளையின் பழைய, அதிகாரி சூட்டிய பெயரும் வரும்.

சூட்டிய குடும்பப் பெயர்

நேப்பிள்ஸ் பகுதியில் எஸ்போசிதோ, ரோம் பகுதியில் புரொயெத்தி, ஃபுளோரன்சில் இன்னொசென்தி, மிலானில் கொலொம்போ என்பவை கண்டெடுத்த குழந்தைகளோடு தொடர்புடைய குடும்பப் பெயர்கள். சிசிலியில் புரொயெத்தோ, திரொவாதோ, தி தியோ ('இறைவனுடைய') போன்றவை உண்டு. திரொவாதோ என்றால் 'கிடைத்தவன்'. இதே வேரிலிருந்து வந்த 'துருவாதுரா' என்ற சிசிலிச் சொல், நாட்டார் கதைகளில் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் புதையலைக் குறிக்கும் என்பது சுவையான செய்தி.

ஆனால் ஒருவருக்குத் திரொவாதோ என்று குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் அவர் பாட்டனார் கைவிடப்பட்டவர் என்று சொல்ல முடியாது. அப்பெயர் எத்தனையோ தலைமுறைக்கு முன் ஒருவருக்கு வந்து இன்று சாதாரணக் குடும்பப் பெயராகிவிட்டது. மறுபுறம், அதிகாரிகள் மனம்போன போக்கில் புதுப்பெயர்களையும் கட்டினார்கள். மாதம், கிழமை, காற்று, பூ, தொலைதூர நகரம் எல்லாம் குடும்பப் பெயராகின. ஓர் ஊரில் வேறு எவருக்கும் இல்லாத குடும்பப் பெயர் திடீரென ஒரே ஒரு பிறப்பில் தோன்றினால் ஐயுறலாம். அந்தப் பெயரைக் கொண்டு முன்னோரைத் தேடுவதில் பயனில்லை. அதற்கு முன்னோரே இல்லை.

வளர்ந்த பின் பலர் செவிலிக் குடும்பத்தின் பெயரையே பழக்கத்தில் கொண்டனர். நகராட்சியில் ஒரு பெயர், ஊரில் இன்னொரு பெயர். கப்பலில் ஏறியபோது எதைச் சொன்னார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மருத்துவச்சியும் செவிலித்தாயும்

சக்கரத்தில் கிடைத்த குழந்தையைப் பெற்றுக்கொள்பவள் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. பால் கொடுக்கும் பெண் ஒருத்தியிடம் சேர்ப்பாள். நகராட்சி மாதந்தோறும் அவளுக்குப் பணம் கொடுத்தது. தம் பிள்ளையை இழந்த பெண்களும், கைக்குழந்தையோடு கூடுதல் வருமானம் தேடியவர்களும் இதற்கு முன்வந்தனர். குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டு நிறையும் முன் இறந்தனர். ஆகவே, குடிபெயரும் வயது வரை வாழ்ந்த ஒருவர் நல்ல செவிலித்தாயிடம் சேர்ந்தவர் என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. செவிலித்தாயாக வந்தவள் உண்மையில் நற்றாயாகவே இருந்த நிகழ்வுகள் உண்டு. குழந்தையைச் சக்கரத்தில் வைத்துவிட்டு, மருத்துவச்சியின் துணையோடு அதே குழந்தையைப் பாலூட்டப் பெற்றுக்கொள்வாள். மானமும் காக்கப்பட்டது, பிள்ளையும் மடியில் இருந்தது, மாதப் பணமும் வந்தது. இதை அறிந்த அதிகாரிகள் தடுக்க முயன்றனர். முற்றிலும் தடுக்க முடியவில்லை. எனவே செவிலித்தாயின் பெயர் தெரிந்ததும், அவளுக்கு அந்த ஆண்டில் சொந்தப் பிள்ளை பிறந்ததா, இறந்ததா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். பாலூட்டுகிறாள், ஆனால் அவளுக்குப் பிறந்த பிள்ளை எதுவும் பதிவில் இல்லை என்றால் அது கவனிக்கத்தக்க செய்தி. முடிவான சான்று அன்று. ஆனாலும் தேடலுக்கு ஒரு திசை கிடைக்கிறது.

செவிலித்தாயின் பெயர் பிறப்புப் பதிவில் இல்லையெனில் நகராட்சியின் பணம் வழங்கல் கணக்கில் இருக்கும். திருமுழுக்கு ஏட்டில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் இருக்கும். கண்டெடுத்த குழந்தைக்கு மருத்துவச்சியோ அவளுடைய உறவினரோ ஞானப்பெற்றோராக நின்றது வழக்கம். ஊரில் மதிப்புள்ள வேறொருவர் அவ்வாறு நின்றிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். குழந்தை ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றதா என்று தெரியாதபோது குருவானவர் 'நிபந்தனையுடன்' திருமுழுக்குக் கொடுப்பார். அக்குறிப்பு இல்லாமல் நேரடியாகக் கொடுத்திருந்தால், பேறு பார்த்தவள் விவரம் சொல்லியிருக்கிறாள் என்று கருத இடமுண்டு.

குழந்தை பிறந்த ஊரே தாயின் ஊர் என்றும் கொள்ளக் கூடாது. வயிறு வெளியே தெரியும் முன் பெண்ணை வேற்றூர் உறவினர் வீட்டுக்கு அனுப்புவதும், பிறந்த குழந்தையை இரவோடு இரவாகப் பக்கத்து ஊர்ச் சக்கரத்துக்கு எடுத்துச் செல்வதும் நடந்தன.

கப்பலேறிய பின்

1880களிலிருந்து முதல் உலகப் போர் வரை பத்து லட்சத்துக்கும் குறையாத சிசிலியர் வெளிநாடு சென்றனர். நியூயார்க்கும் நியூ ஆர்லியன்சும் அமெரிக்காவில் அவர்கள் இறங்கிய பெரிய துறைமுகங்கள். அங்கே ஒருவர் தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பது ஆவணங்களில் தங்கிவிட்டது.

1907க்குப் பின்னர் அமெரிக்கக் கப்பல் பயணிகள் பட்டியலில், புறப்பட்ட நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டன. 'யாருமில்லை' என்று சொல்வது பெற்றோரற்ற இளைஞனுக்கு எளிதன்று. பலர் வளர்த்தவளைத் 'தாய்' என்று கொடுத்தனர். அது பொய்யன்று. குடிவழி ஆய்வாளர் அதைப் பொய் என்று ஒதுக்கிவிடும்போதுதான் உண்மையான துப்பு கைநழுவுகிறது. 1906க்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊரும் நாளும் இருக்கும். 1936இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தில் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டன. இறப்புச் சான்றிதழிலும் அப்படியே. ஆனால் அதில் விவரம் சொன்னவர் பெரும்பாலும் மகன் அல்லது மருமகள். அவர்களுக்கு உண்மை தெரிந்திராது. மூன்று தாள்களில் மூன்று தாய்ப்பெயர்கள் இருந்தால், அவர் தம் கையால் எழுதிய தாளுக்கே முதலிடம் தர வேண்டும்.

பிள்ளைகளின் பெயர்களும் பேசும். சிசிலி வழக்கில் தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், தலைமகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். அடுத்த பிள்ளைகளுக்குத் தாய்வழிப் பெயர்கள். தம் தந்தை யாரென்று அறியாதவர் தம் தலைமகனுக்கு என்ன பெயர் வைத்தார்? பெரும்பாலும் வளர்த்த தந்தையின் பெயர். அப்பெயர் செவிலிக் குடும்பத்தில் இல்லையென்றால், பெற்றவர்களைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கலாம். ஊரில் இத்தகைய இரகசியங்கள் பலருக்குத் தெரிந்தவையே, எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆண்களைப் பொறுத்தவரை சிசிலி மாகாணங்களின் படைத்துறைச் சேர்ப்புப் பட்டியல்கள் உதவும். உயரம், தலைமயிரின் நிறம், தொழில் ஆகியவற்றோடு, அழைப்பு வந்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தாரா என்பதும் அவற்றில் இருக்கும். திருமணம் சிசிலியிலேயே நடந்திருந்தால் அத்துடன் இணைத்த ஆவணக் கட்டில் பிறப்புப் பதிவின் நகலும், வயது நிறையாதவராயின் பெற்றோருக்குப் பதிலாகக் காப்பாளர் தந்த சம்மதமும் கிடைக்கும்.

ஆவணங்கள் கிடைக்குமிடம்

இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அந்தெனாதி' இணையத்தளத்தில் குடிமைப் பதிவேடுகளின் படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவேடுகள் இரு படிகளாக எழுதப்பட்டு ஒன்று நகராட்சியிலும் மற்றொன்று நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டன. 1908 திசம்பர் 28 அன்று மெசினாவை அழித்த நிலநடுக்கம் போன்றவற்றில் ஒரு படி போனாலும் மற்றொன்று எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. பழைய ஊர்ப்பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும்: இன்றைய அக்ரிஜெந்தோ 1927 வரை ஜிர்ஜெந்தி, இன்றைய என்னா அதே காலம் வரை கஸ்த்ரோஜொவான்னி. நகராட்சிக் கணக்குகளும் கோவில் ஏடுகளும் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. நேரில் செல்ல வேண்டும், அல்லது கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை

தாள்கள் முடியும் இடத்தில் டி.என்.ஏ. சோதனை தொடங்குகிறது. கைவிடப்பட்டவர் ஒருவரின் கொள்ளுப்பேரனிடம் அவருடைய மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். அவரைப் பெற்ற தாய், தந்தை ஒவ்வொருவரின் பங்கு பதினாறில் ஒன்று. அந்தப் பெற்றோருக்கு வேறு பிள்ளைகள் இருந்து, அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் சோதனை செய்திருந்தால் இருவரும் மூன்றாம் நிலைச் சகோதர முறையினர். பகிரும் அளவு சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த உறவினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருடன் பொருத்தமே தெரியாது. ஆதலால் குடும்பத்தில் வாழும் மிக மூத்தவரைச் சோதிப்பதே அறிவுடைமை. மகன் அல்லது மகள் உயிரோடிருந்தால் கொள்ளுப்பேரனின் சோதனையைவிட நான்கு மடங்கு செய்தி கிடைக்கும்.

கைவிடப்பட்டவர் ஆண் என்றால், அவரிடமிருந்து இடையறாத ஆண்வழியில் வந்தவரின் ஒய் நிறமூர்த்தத்தைச் சோதிக்கலாம். அது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. இத்தாலியில் குடும்பப் பெயர் சென்ற வழியும் அதுவே. பொருந்தியவர்கள் பலருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்து, அப்பெயர் குழந்தை பிறந்த ஊரில் வழங்கியதும் தெரிந்தால், தந்தையின் குடும்பம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது எனலாம்.

சிசிலியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலைமேல் அமைந்த உட்பகுதி ஊர்களில் நூற்றாண்டுகளாக ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் கொஞ்சம் உறவு. இரண்டாம் நிலை உறவு போலத் தோன்றும் பொருத்தம், நான்கைந்து வழிகளில் வந்த தொலைதூர உறவுகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். செவிலித்தாயின் குடும்பத்தோடு கிடைக்கும் சிறு பொருத்தத்தைக் கண்டு அவளே நற்றாய் என்று முடிவு செய்தவர்கள் பின்னர் மாற்றிக்கொள்ள நேர்ந்ததுண்டு.

சட்டத்தின் நிலை

'தந்தை பெயர் என்.என்.' என்று அடையாளத் தாள்களில் எழுதப்பட்டது கைவிடப்பட்டவர்களை வாழ்நாள் முழுதும் துரத்திய வடு. பெயர் தெரியாது என்பதன் இலத்தீன் சுருக்கம் அது. பள்ளியில், படையில், வேலையில் எங்கும் அந்த இரண்டெழுத்து முன்னே வந்து நின்றது. 1955ஆம் ஆண்டின் 1064ஆம் எண் சட்டமே பெற்றோர் பெயரைப் பொதுச் சான்றிதழ்களிலிருந்து நீக்கியது. அமெரிக்கா சென்றவர்களில் சிலர் தம் பிள்ளைகளிடம் கடைசிவரை வாய்திறக்காததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

குடியுரிமையைப் பொறுத்தவரை இவர்களுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டமே, தாயும் தந்தையும் அறியப்படாத நிலையில் நாட்டுக்குள் பிறந்தவரைக் குடிமகனாக ஏற்றது. வழித்தோன்றல்கள் இன்று உரிமை கோருவதற்கான வரம்புகள் 2025இல் கடுமையாயின. ஆனால் முன்னோர் கைவிடப்பட்டவர் என்பது அதில் ஒரு தடையன்று.

பெயர் வெளியிட விரும்பாத தாயின் விவரங்களை நூறு ஆண்டுகள் மூடிவைக்க இத்தாலியச் சட்டம் வகைசெய்கிறது. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு 2013இல் இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம், தாய் தன் முடிவை மாற்றிக்கொள்ள விரும்புகிறாளா என்று அவளிடம் கேட்கவே வழியில்லாத ஏற்பாடு அரசமைப்புக்கு முரணானது என்றது. இது வாழும் தாய்மாருக்குப் பொருந்தும். கப்பலேறிய தலைமுறையைப் பெற்றவர்களுக்கு அந்த நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவர்களைப் பற்றி எங்கேனும் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அதை இன்று படிக்கத் தடையில்லை. பல குடும்பங்களில் அந்த வரி மருத்துவச்சியின் நினைவில் மட்டுமே இருந்தது, அவளோடு போய்விட்டது. அத்தகையோர் தம் குடிவழி வரைபடத்தில் செவிலித்தாயின் பெயரை எழுதி, அவள் பாலூட்டத் தொடங்கிய நாளையும் குறித்து வைக்கிறார்கள்.